மார்கழியில் அமுக்கிய பொத்தான்

லண்டனில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்பதைப் பற்றி எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒரு ஆணியில் சிவகாசிக் காலண்டர் தொங்குகிறது. அம்மா அனுப்பிவைப்பது. அதன் கணக்கில் டிசம்பர் மாதத்துச் சூரியன் ஆறரைக்கே வந்துவிடும். பக்கத்து ஆணியில் இருப்பது, தமிழ்க் கடையில் அரிசி மூட்டையோடு சும்மா கொடுத்தது. லண்டனுக்கென்றே கணித்த காலண்டர் அது. எட்டு மணிக்கு முன்னால் சூரியனை வெளியே விடாது. நான் ஏழு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டு சிவகாசித் தாளைக் கிழிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டாக இருக்கும். கையிலிருக்கும் தாளோ விடிந்து அரை மணி நேரமாகிறது என்று சொல்லும். வந்த வருடத்துக் குளிர்காலத்தில் இதைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்த குளிர்காலத்தில் இந்த இரண்டு காலண்டர்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே போயிருக்க வேண்டியவள் நான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். விசா கிடையாது என்ற மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கோ ஒரு வாடகை அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு இது உதவினால் சந்தோஷம்.

நான் இருப்பது கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில், ஒரு வீட்டின் மாடி அறையில். வீட்டுக்காரர்கள் குகன் அண்ணாவும் அவர் மனைவி சாந்தி அக்காவும். யாழ்ப்பாணத்துக்காரர்கள், ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர்கள். அண்ணா குழாய் வேலை செய்கிறார், சொந்தமாக வேன் வைத்திருக்கிறார். நான் இங்கே படித்தது பேக்கேஜிங் தொழில்நுட்பத்தில் ஒரு வருட முதுகலை. படிப்பு முடிந்ததும் வால்தம்ஸ்டோவில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனி என்னைப் பொங்கல் முடிந்ததும் வேலைக்கு வரச் சொன்னது. கிராஜுவேட் விசா கையில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர்கள் போட்ட நிபந்தனை. இங்கே பட்டம் முடித்தவர்கள் இரண்டு வருடம் இருந்து வேலை பார்க்கக் கொடுக்கும் விசா அது. மாணவர் விசா முடிவதற்குள், இந்த நாட்டுக்குள் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். என் மாணவர் விசா போகியன்று முடிவதாக இருந்தது. பழையதைக் கொளுத்தும் நாளாகப் பார்த்துத்தான் முடித்திருக்கிறார்கள் என்று அப்போது தோழிகளிடம் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. எல்லாமே ஆபீஸ்தான். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், காலண்டர் ஆபீஸ். அம்மாவுக்குக் காலண்டர் ஆபீஸில் பைண்டிங் வேலை. தேதித் தாள்களை அடுக்கி, தட்டிச் சீராக்கி, தகரப் பட்டி வைத்து அடிப்பது. அடுத்த வருடத்து ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் ஆறு மாதம் முன்னாலேயே அம்மாவின் கைக்கு வந்துவிடும். ஊருக்கெல்லாம் நேரம் குறித்து அனுப்புகிற வீட்டில் நேரம் பார்க்காமல் இருப்பார்களா? நான் லண்டனுக்கு விமானம் ஏறிய அன்று, வீட்டிலிருந்து கிளம்பும் நேரம் தோதாக இல்லை என்று, முதல் நாள் நல்ல நேரத்திலேயே பயணம் தொடங்கியதாக இருக்கட்டும் என என் செருப்பை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்த அம்மா அவர். அப்பா போன பிறகு இந்தப் பயம் அவருக்குக் கூடிப்போனது. அதனால் நானும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஆகவே, விசாவுக்குப் போடப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா காலண்டரைத்தான் பார்த்தார். "மார்கழி பொறந்துட்டா எதையும் தொடங்கக் கூடாது பாப்பா. தை பொறக்குறதுக்குள்ள உன் விசா முடிஞ்சு போயிரும்ங்கிற. அதனால கார்த்திகைக்குள்ளயே போட்டுரு" என்றார். கணக்கு எனக்கும் சரியாகவே பட்டது. மதிப்பெண்கள் வந்துவிட்டன, எல்லாவற்றிலும் தேறிவிட்டேன், இனி என்ன? பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைப் பார்க்கும் ஹெலன் என்ற பெண் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நீங்கள் படிப்பை முடித்ததை நாங்கள் விசா கொடுக்கும் ஹோம் ஆபீஸுக்கு முறைப்படி தெரிவிப்போம், தெரிவித்ததும் உங்களுக்கு எழுதுவோம், அதுவரை "யூ மே விஷ் டு வெயிட்" என்று அதில் இருந்தது. காத்திருக்க நீங்கள் விரும்பலாம். நான் விரும்பவில்லை. எங்கள் ஊரில் ஒரு அதிகாரி ஒன்றைச் செய்யக்கூடாது என்று நினைத்தால் செய்யாதே என்பார், இரண்டு தடவை சொல்வார், மூன்றாவது தடவை மேசையைத் தட்டுவார். இங்கே கெஞ்சுவதுபோலச் சொல்லப்படுவதுதான் கட்டளை என்பது எனக்கு அப்போது தெரியாது. கார்த்திகையின் கடைசி வாரத்தில், சிவகாசிக் காலண்டர் சொன்ன நல்ல நேரத்தில், சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

மார்கழி பிறந்து சில நாள் கழித்து பதில் வந்தது. மறுப்பு. காரணத்தைப் படித்தபோது எனக்குக் கோபப்படக்கூட வழியில்லை. விண்ணப்பித்த நாளன்று, நான் படிப்பை முடித்ததாகப் பல்கலைக்கழகம் இன்னும் தெரிவித்திருக்கவில்லை. அவ்வளவுதான். நான் தேறினேனா இல்லையா என்பது அவர்களுக்குப் பேச்சே இல்லை. அன்றைய தேதியில் அவர்கள் திரையில் அது இருந்ததா என்பதுதான் பேச்சு. இருக்கும் மாணவர் விசாவும் அந்த நிமிடமே போய்விட்டதென்று நினைத்து, வாசல் மணி அடித்தபோது பயந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். பார்சல்காரர்தான். உண்மையில் மாணவர் விசா அப்படியேதான் இருந்தது, போகி வரைக்கும். ஆனால் அதைச் சொல்ல அப்போது அறையில் யாரும் இல்லை.

சாயங்காலம் சமையலறையில் குகன் அண்ணாவிடம் சொன்னேன். அவர் கைகழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"ரிஜெக்ட்டோ? எத்தினையாம் தரம்?"

"முதல் தடவைண்ணா."

"முதல் தரமோ! அதுக்கே இப்பிடி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறீர்? எனக்கு ஜேர்மனியில ரெண்டு தரம், இஞ்ச வந்து ஒருதரம். சாந்தி, பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி போடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் தெருவில் இதைச் சொல்லியிருந்தால் துக்கம் விசாரிக்க வந்திருப்பார்கள். இந்த வீட்டில் மறுப்பு என்பது அம்மை போட்டுத் தேறுவது மாதிரி, எல்லோருக்கும் ஒருமுறையாவது வந்துபோன விஷயம். சாந்தி அக்கா தேநீரை வைத்துவிட்டு, தன் தம்பிக்கு, மச்சாளுக்கு, முதலில் இங்கே வாடகைக்கு இருந்த பொடியனுக்கு என்று யார் யாருக்கு எங்கெங்கே மறுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லோருமே இப்போது நன்றாக இருந்தார்கள். அந்தத் தேநீர் குடித்த நேரத்தில்தான் எனக்கு மூச்சு திரும்பி வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த வீடு எனக்குத் தந்த தைரியம் சரி, தந்த யோசனை தப்பு. "அப்பீல் போடும். கேஸ் நடக்கிற மட்டும் உம்மை ஒருத்தரும் அனுப்பேலாது. நான் சொல்லுறன், விடவே கூடாது. என்ர லோயர் நல்ல மனுசன், நாளைக்கே கூட்டிக்கொண்டு போறன்" என்றார் அண்ணா. வழக்குப் போட்டு, காத்திருந்து, விடாமல் பிடித்துத்தான் அவர் இந்த நாட்டில் கால் ஊன்றினார். அவருக்கு அது சும்மா வாய்ப்பேச்சில்லை. அம்மாவுக்கு இந்த யோசனை இன்னும் பிடித்துப்போனது. விஷயத்தை இழுத்துக்கொண்டே போனால் மார்கழி கழிந்து தை வந்துவிடுமே! போனில், "அந்த அண்ணன் சொல்றதக் கேளு" என்றார். மறுத்ததற்கான காரணத்தை நான் அம்மாவிடம் முழுசாகச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் தாமதம் என்றேன். தேதி குறித்துக் கொடுத்தது அவரல்லவா?

இந்த விசாவுக்கு நீதிமன்றத்துக்குப் போகும் மேல்முறையீடு கிடையாது, அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ என்ற ஒன்றுதான் உண்டு என்பதைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பதில் வந்து இரண்டு வாரத்துக்குள் கேட்க வேண்டும். பாதி விவரத்தை நிரப்பியும் வைத்துவிட்டேன். ஏதோ ஒன்று உறுத்தியது. கிறிஸ்துமஸுக்காகப் பல்கலைக்கழகம் மூடுவதற்கு முதல் நாள் ஹெலனைப் பிடித்தேன், வீடியோவில். தலைக்குப் பின்னால் ஜிகினா கட்டிய அலமாரி, சட்டையில் ஒரு கிறிஸ்துமஸ் கலைமான் படம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மின்னஞ்சலைப் பார்க்கவில்லையா, ஏன் அந்தத் தேதியில் போட்டாய் என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் காலண்டரில் அதற்கடுத்த மாதம் நல்ல மாதமில்லை என்றேன். வாடகை கொடுக்க வேண்டிய மாதமா என்று கேட்டார். இல்லை, நட்சத்திரம் கிரகம் சம்பந்தப்பட்டது என்றேன். நான் வெட்கத்தில் திரையை மூடிவிடப் பார்த்தேன். "என் தங்கை, புதன் பின்னோக்கிப் போகிறது என்றால் போன்கூட வாங்க மாட்டாள்" என்றார் ஹெலன். அவர் முகத்தில் கேலி இல்லை.

பிறகு விளக்கினார். ரிவ்யூ என்பது அதிகாரி தவறு செய்திருந்தால் திருத்துவதற்கு. இங்கே அதிகாரி தவறு செய்யவில்லை, நாள்தான் முந்திவிட்டது. ரிவ்யூ போட்டால் காத்திருக்கும் காலத்தில் மாணவர் விசா முடிந்துபோகும், கடைசியில் முடிவு சரிதான் என்று பதில் வரும், அதற்குப் பிறகு இங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்க முடியாது. இப்போது கையில் விசா இருக்கிறது. தேர்வுக் குழு கூடிவிட்டது, விடுமுறை முடிந்து திறந்ததும் உன் பெயரை நாங்கள் தெரிவித்துவிட்டு உனக்கு எழுதுவோம். அது வந்த பிறகு, விசா முடிவதற்குள், புதிதாக ஒரு விண்ணப்பம் போடு. ஊருக்கு மட்டும் போய்விடாதே. இவ்வளவும் சொல்லி, "எனவே நீ காத்திருக்க விரும்பலாம்" என்று முடித்தார்.

நான் விடவில்லை. "விரும்பலாம் என்கிறீர்களா, காத்திரு என்கிறீர்களா?"

ஹெலன் சிரித்துவிட்டார். "காத்திரு என்கிறேன்."

இந்த நாட்டுக்கு வருகிற நம் பிள்ளைகள் விமானத்தில் ஏறும்போதே இந்த ஒரு கேள்வியைப் பாடம் பண்ணிக்கொண்டு வரலாம். எனக்கு ஒரு விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

காத்திருப்பது எளிதாக இருக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று இந்த ஊரில் ரயில்கூட ஓடாது. திருவிழா என்றால் எங்கள் ஊரில் தெருவில்தான் ஜனம் இருக்கும், இங்கே தெருவைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இருந்தது. ஆளில்லாத பிளேஸ்டோத் தெருக்களில் நடந்தேன். எல்லா ஜன்னல்களிலும் விளக்கு மினுங்கியது, எல்லா அலுவலகங்களும் மூடியிருந்தன, என் பெயரை யாராவது ஒருவர் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றும்வரை நான் என்னவென்று யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் ஊர் ஞாபகத்தைவிட வேலை ஞாபகம்தான் அதிகம் வந்தது. வால்தம்ஸ்டோக் கம்பெனியில் நேர்முகத்தேர்வின்போது ஒரு அட்டையைக் கையில் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். தொட்டதும் அதன் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று சொன்னேன். சின்ன வயதில் ஆபீஸில் அம்மாவின் காலடியில் கழிவு அட்டைகளோடு விளையாடி வந்த பழக்கம். எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு ஆசையாக நான் வேறெதையும் கேட்டதில்லை.

ரிவ்யூ கேட்பதற்கான கெடு விடுமுறைக்குள்ளேயே வந்தது. அன்று குகன் அண்ணா மூன்று முறை மாடிப்படி ஏறி இறங்கினார். "இண்டையோட தவணை முடியுது பிள்ளை. இன்னும் யோசிக்கிறீரோ?" என்றார். போடவில்லை அண்ணா, என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவர் வாழ்க்கையில் தவணையை விட்டவர்கள் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். "விடுங்கோ. இது எங்கட கேஸ் மாதிரி இல்லை. பிள்ளை விசாரிச்சுத்தானே செய்யுது" என்று சாந்தி அக்கா அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். அன்று சாப்பிடும்போது அண்ணா என்னோடு பேசவில்லை, ஆனால் என் தட்டில் இரண்டாவது தடவையும் அவரே மீன் குழம்பு ஊற்றினார்.

புது வருடம் பிறந்து பல்கலைக்கழகம் திறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஹெலனிடமிருந்து இரண்டே வரியில் வந்தது: தெரிவித்துவிட்டோம், இனி நீ விண்ணப்பிக்கலாம். இந்தத் தடவை விரும்பலாம் என்ற சொல் இல்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன், அங்கேதான் இணையம் நன்றாக வரும். மழையால் வேலையைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு வந்திருந்த குகன் அண்ணா பழக்கதோஷத்தில் கடைக் காலண்டரை எட்டிப் பார்த்தார்.

"பொறும் பிள்ளை. இப்ப ராகு காலம். மூண்டு மணி மட்டும் இருக்கு."

மூன்று மணிக்குப் பிறகு போடலாமென்று பார்த்தால், செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம் என்று ஊர்க் கணக்கு சொன்னது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக இருப்பதற்குக் காலண்டர் தேவையில்லை. நாலரைக்கு இங்கே பொழுதே போய்விடும். அடுத்த நாள் பார்த்தால் அது அஷ்டமி. எல்லாவற்றுக்கும் மேலே மார்கழி வேறு. விவரங்களையெல்லாம் நிரப்பி, பணம் கட்டி, கடைசிப் பொத்தானுக்கு முன்னால் கை நின்றுவிட்டது. ஹோம் ஆபீஸுக்குப் பயப்படவில்லை. போன தடவை நேரம் பார்த்துப் போட்டே கெட்டுப்போனது, இந்தத் தடவை பார்க்காமல் போட்டு ஏதாவது ஆனால் அம்மா தன்னைத்தானே நொந்துகொள்வாரே என்று பயந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

போனை எடுத்ததும் அம்மா முந்திக்கொண்டார். "சாந்தி எல்லாஞ் சொல்லிட்டா. நான் குறிச்ச தேதியாலதான் கெட்டுச்சாமே?"

அம்மாவோடு அவ்வப்போது போனில் பேசுகிற சாந்தி அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தேதியால இல்லம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"அவசரப்படுத்துனது யாரு?" என்றார் அம்மா. பிறகு வேறு குரலில் கேட்டார். "ஏம் பாப்பா, எங்க ஆபீஸ்ல எப்ப ராத்திரி பகலா வேல நடக்கும்?"

"மார்கழிலதாம்மா."

"ஆமா. ஒண்ணாந்தேதிக்குள்ள ஊர் ஊருக்குக் காலண்டர் போய்ச் சேரணும். அந்த மாசத்து ஓவர்டைம்லதான் உன்ன ஸ்கூலு காலேஜுன்னு படிக்க வச்சேன். சோறு போட்ட மாசம். அதப் போயி ஆகாத மாசம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் பாரு. போடு பாப்பா."

"இப்ப ராகு காலம்மா."

"அங்க மணி என்ன?"

"மூணு பத்து."

"இங்க ராத்திரி எட்டு நாப்பது. இங்க ராகு காலமெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு. அமுக்கு."

குகன் அண்ணா வாய்விட்டுச் சிரித்தார். "உங்கட அம்மா லோயருக்குப் படிச்சிருக்க வேணும்" என்றார். அவர் என்னோடு பழையபடி சிரித்துப் பேசியதும் அப்போதுதான். நான் அமுக்கினேன். சாந்தி அக்கா சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு தேக்கரண்டி என் வாயில் போட்டார்.

போகி வந்தது, போனது. புதிய விண்ணப்பம் உரிய நேரத்தில் போயிருந்ததால் பதில் வரும்வரை நான் இங்கே இருக்கலாம், யாரும் எதுவும் சொல்லவில்லை. தை மாதத்தில் ஒரு நாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது பதில் வந்தது. கிடைத்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, யாருடையதென்று தெரியாத ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்று, நலம்தானா என்று கேட்டார். ரொம்ப நலம் என்றேன். நம்பாமல் ஒரு டிஷ்யூவைக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது தினமும் வால்தம்ஸ்டோவுக்கு வேலைக்குப் போகிறேன். இரண்டு வருடம் முடிந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள், இப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அப்போதும் முதலில் சமையலறைக்குப் போய்த் தேநீர் குடிப்பேன், பிறகு ஹெலனைப் போல ஒருவரைக் கண்டுபிடித்து, விரும்பலாமா செய்யவா என்று கேட்பேன்.

அம்மாவின் புதுக் காலண்டர் இந்த வருடம் தாமதமாக, வேலையில் சேர்ந்த வாரத்தில்தான் கூரியரில் வந்து சேர்ந்தது. கடந்துபோன நாட்களையெல்லாம் நின்றுகொண்டே ஒவ்வொன்றாகக் கிழித்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாள் வந்ததும் கை நின்றது. நல்ல நேரம் என்று அச்சடித்த இடத்தில் இருந்த நேரத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் அம்மா பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார்: இரவு 8.40. வருடக்கணக்காக மற்றவர்கள் குறித்த நேரத்தை அடுக்கி, தட்டி, தகரம் அடித்து அனுப்பிக்கொண்டிருந்தவர் முதல் தடவையாகத் தானே ஒரு நேரம் குறித்திருக்கிறார். அந்தத் தாளை எறிய மனம் வரவில்லை. இரண்டு ஆணிகளுக்கும் நடுவே சுவரில் ஒட்டிவைத்தேன்.

குகன் அண்ணா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து வாசித்தார். "எட்டு நாப்பதோ? பகலிலயெல்லோ போட்டனீர்?"

"ஆமாண்ணா, பகல்லதான் போட்டேன்" என்றேன். "ராத்திரியிலயும்தான்."